பார்த்துப் பார்த்துக் கற்றவர்: புதுக்கோட்டை மண்ணின் ஓவியர் மாருதி



சென்ற மாதம் வீடு சந்திப்புக்காக நம் பங்கின் ஒரு தெருவுக்குச் சென்றிருந்தோம். செபம் முடிந்து எழுந்தபோது அந்த வீட்டு அம்மா அலமாரியிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்து வந்து நம் கையில் கொடுத்தார். "சாமி, நீங்களே பாருங்க. பத்தாவது படிக்கிற பிள்ளை. முன்பக்கம் ரெண்டு கணக்கு, பின்பக்கம் பூரா படம். நீங்க சொன்னா கேப்பான், கொஞ்சம் கண்டிச்சு வையுங்க" என்றார். பையன் கதவோரமாகத் தலைகுனிந்து நின்றான்.

நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினோம். பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்கும் பெரியவர், குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள், பூசையில் கொட்டாவி விடும் ஒருவர். அவர் நம் உபதேசியார்தான் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கண்டிக்க வாயைத் திறந்த நமக்குச் சிரிப்புதான் வந்தது. "அடுத்த முறை வரும்போது பேசுவோம் அம்மா" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்று நாம் உடனே பதில் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், இதே போன்ற ஒரு தாய் இதே கேள்வியோடு நம்மிடம் வந்தார். நாம் அதிகம் யோசிக்கவில்லை. "படம் சோறு போடாதுப்பா, படிக்கிற வேலையைப் பார்" என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டோம். அவனும் கீழ்ப்படிந்தான். பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவனைச் சந்தித்தபோது, "இப்பவும் வரைகிறாயா?" என்று கேட்டோம். "நீங்கதானே சாமி வேண்டாம்னீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நம்மால் மறக்க முடியவில்லை.

ஆகவே இந்த முறை யோசித்துப் பேச விரும்பினோம். யோசித்தபோது நம் நினைவுக்கு வந்தவர் இதே புதுக்கோட்டையில் பிறந்து, எந்த ஓவியப் பள்ளியிலும் சேராமல், தமிழ் வாசகர் அனைவரும் அறிந்த ஓவியரானவர். அவர்தான் ஓவியர் மாருதி. அவர் எப்படிக் கற்றார், எப்படி வரைந்தார் என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளை

மாருதியின் இயற்பெயர் இரங்கநாதன். 1938 ஆகஸ்ட் 28 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை வெங்கோப ராவ் பள்ளி ஆசிரியர். தாயார் பத்மாவதி பாய். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3 அன்று அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது சிறுவன் இரங்கநாதனுக்கு வயது ஒன்பது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது அதற்கும் வெகு காலத்துக்குப் பின், 1974 இல்தான்.

அந்நாளில் ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்கு நல்ல ஓவியத்தைப் பார்க்க எங்கே வாய்ப்பு இருந்தது? கோவில் சுவர், சுவரில் மாட்டிய காலண்டர், இவற்றை விட்டால் வாரப் பத்திரிகை. தொலைக்காட்சி இல்லாத அக்காலத்தில் ஆனந்த விகடனும் கல்கியும் குமுதமும் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் கைமாறும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, சேர்த்துத் தைத்து, பைண்டு செய்து வைத்துக்கொள்வார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மணியத்தின் படங்களோடு வாராவாரம் வெளிவந்தது. வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்பதை எழுத்தோடு சேர்ந்து அந்தப் படங்களும்தான் தமிழருக்குச் சொல்லிக் கொடுத்தன.

இரங்கநாதன் என்ற சிறுவனுக்குப் பத்திரிகையே பள்ளிக்கூடம் ஆயிற்று. அதில் வந்த படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தே அவர் கற்றார். காலண்டர் ஓவியங்களாலும் பத்திரிகை அட்டைகளாலும் புகழ்பெற்ற கே. மாதவனின் வண்ணங்கள் அவரை மிகவும் ஈர்த்தன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்கு முந்திய பெரிய பத்திரிகை ஓவியர்கள் பலர் முறையாகப் பயின்றவர்கள். கோபுலு கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில்பியும் மணியமும் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்கள். அந்தச் சென்னைப் பள்ளி 1850 இலேயே தொடங்கப்பட்டது. ஆக, ஓவியம் கற்க வழியே இல்லாத நாடல்ல இது. ஆனால் எல்லா வீட்டுக்கும் அந்த வழி திறந்திருக்கவில்லை. திறக்காத கதவின் முன் நின்று அழாமல், தம் கைக்கு எட்டிய தாள்களைக் கொண்டே கற்றவர் மாருதி.

"தானாகக் கற்றவர்" என்றால் யாரிடமும் கற்காதவர் என்று நாம் பொருள் கொள்ளக் கூடாது. அவருக்கு ஆசிரியர் பலர் இருந்தனர். என்ன, அவர்களில் எவருக்கும் இப்படி ஒரு மாணவன் இருப்பது தெரியாது! வகுப்பில் ஆசிரியர் தவற்றைச் சுட்டிக் காட்டுவார். தானாகக் கற்பவனோ தன் படத்தையும் மூலப் படத்தையும் அருகருகே வைத்து, "இங்கே மூக்கு ஏன் கோணலாயிற்று?" என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பாராட்டுக்கு மயங்காமல் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் எளிதன்று. பள்ளியில் சேர்ந்து படிப்பதைவிட இது கடினமான வழி என்றே நமக்குத் தோன்றுகிறது.

பேனர் கொட்டகை

1959 இல் இரங்கநாதன் சென்னைக்கு வந்தார். வயது இருபதுதான். மயிலாப்பூரில் சினிமா பேனர் வரையும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இளைய தலைமுறைக்குப் பேனர் என்றால் கணினியில் அச்சாகி வரும் ஃப்ளெக்ஸ்தான் தெரியும். அன்றைய பேனர் முழுவதும் கைவேலை. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் வெள்ளைப் பூச்சுக் கொடுப்பார்கள். படக் கம்பெனி தரும் சிறிய புகைப்படத்தின் மேல் கட்டங்கள் போடுவார்கள். அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களைத் துணியிலும் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் உருவத்தைப் பெரிதாக்குவார்கள். பிறகு எண்ணெயில் குழைத்த வண்ணங்கள். பின்னணி அடிப்பவர் ஒருவர், எழுத்து எழுதுபவர் ஒருவர். முகத்தைத் தீட்டுவதோ கைதேர்ந்தவருக்கு மட்டுமே உரியது.

ஏன் முகத்துக்கு மட்டும் அந்த மரியாதை? பத்தடி உயர முகத்தின் அருகில் நின்று வரைபவருக்கு முகம் தெரியாது. அவர் கண்முன் இருப்பது ஒரு பெரிய கன்னமோ, பாதி உதடோதான். இறங்கி வந்து, சாலையின் மறுபக்கம் போய் நின்று பார்த்தால்தான் ஜாடை வந்திருக்கிறதா என்று தெரியும். ஜாடை வராவிட்டால் தெருவில் போகிற ரிக்‌ஷாக்காரர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். விமர்சகர்களைவிடக் கண்டிப்பான நடுவர்கள் அந்த வழிப்போக்கர்கள்! இந்தியாவின் பெரிய ஓவியர்களுள் ஒருவரான எம். எஃப். உசேனும் இளமையில் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தவர்தான் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

நெற்றியில் விழும் ஒளி மூக்கின் பக்கவாட்டில் எங்கே நிழலாக மாறுகிறது, கண்ணின் எந்தப் புள்ளியில் வெள்ளை வைத்தால் பார்வைக்கு உயிர் வருகிறது, இவற்றையெல்லாம் பத்தடி முகத்தில் கற்றவனுக்கு, உள்ளங்கை அளவு பத்திரிகைப் படம் புரிபடாமல் போகுமா?

இரங்கநாதன் மாருதி ஆகிறார்

சென்னைக்கு வந்த அதே 1959 இல் குமுதம் இதழில் ஒரு கதைக்கு அவர் வரைந்த படம் வெளிவந்தது. அந்தப் பத்திரிகை உலகில் அவர் இரங்கநாதனாக இல்லை, மாருதி என்ற புனைபெயரிலேயே அறியப்பட்டார். அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் குமுதம், ஆனந்த விகடன், கல்கி, குங்குமம், கண்மணி என்று தமிழ் இதழ்களில் அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது.

நம் சிறு வயதில், 1980களில், வீட்டில் அக்காமார் மாத நாவல்களை இரவல் வாங்கி வந்து, தலையணைக்கு அடியில் வைத்துப் படிப்பார்கள். அவற்றின் அட்டையில் ஒரு பெண்ணின் முகம் இருக்கும். அதன் மூலையில் 'மாருதி' என்ற கையெழுத்து. கதையை நாங்கள் படித்ததில்லை, படிக்க விட்டதும் இல்லை. அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம்.

பத்திரிகை ஓவியரின் வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அச்சுக்குப் போகும் நாள் தள்ளிப் போகாது. கதை கைக்கு வரும், சில சமயம் கதைச் சுருக்கம் மட்டும் வரும். அதில் எந்த நொடியை வரைவது என்று ஓவியர் முடிவு செய்ய வேண்டும். முடிவைக் காட்டிவிட்டால் வாசகர் கதையைப் படிக்க மாட்டார். ஒன்றும் காட்டாவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவார். எனவே ஏதோ நடக்கப் போகிறது என்ற நொடியைப் பிடிக்க வேண்டும். கையில் கடிதத்தோடு நிற்கும் பெண், வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்கும் மாப்பிள்ளை, இப்படி. அந்தத் தயக்கத்தை எதில் காட்டுவது? முகத்தில்தான்.

முகமே அவருடைய ஊர்

மாருதி வரைந்தது உருவ ஓவியம், அதாவது மனிதரை மனிதராகவே அடையாளம் தெரியும்படி வரைவது. அவர் வளர்ந்து வந்த காலத்தில் சென்னையின் கலை உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966 இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. அங்கே கோடுகளும் குறியீடுகளும் நவீன வடிவங்களுமாகப் புதிய கலை பிறந்தது. அது பெரிய முயற்சி, அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் சாதாரண தமிழ்க் குடும்பம் ஓவியக் கூடத்துக்குப் போனதில்லை. அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் சில ரூபாய்ப் பத்திரிகையின் வழியாக ஓவியம் வந்தது என்றால், அதைக் கொண்டுவந்தவர்கள் மாருதி போன்றவர்கள்தான்.

அவர் படங்களில் பின்னணி பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஒரு தூண், ஒரு ஜன்னல், கொஞ்சம் மர நிழல், அவ்வளவுதான். முழுக் கவனமும் முகத்தில் இருக்கும். வட்ட முகம், அகன்ற கண்கள், அந்தக் கண்களில் சற்றே ஈரம் பளபளக்கும் ஒளிப்புள்ளி. கன்னத்தில் நிழல் கோடாக விழாது, மெல்லக் கரைந்து போகும். தலையில் மல்லிகையும் தோளில் சேலை மடிப்பும் நம் வீட்டுப் பெண்களுடையவைதான். சினிமா நடிகையின் முகத்தை எட்டி நின்று பார்ப்போம். மாருதியின் பெண்ணைப் பார்த்தால், "இவளை எங்கோ பார்த்திருக்கிறோமே, நம் சித்தி மகள் போல இருக்கிறாளே" என்று தோன்றும். இந்த நெருக்கமே அவர் கலையின் இரகசியம் என்று நாம் கருதுகிறோம்.

குறையே இல்லையா? உண்டு. அவருடைய பெண்கள் எல்லோரும் அழகிகள், எல்லோரும் ஒருவருக்கொருவர் உடன்பிறந்தவர்கள் போலவே இருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நம்மால் முழுவதும் மறுக்க இயலவில்லை. நம் மாவட்டத்து வெயிலில் கருத்து, நூறு நாள் வேலைக்குப் போய்வரும் பெண்ணின் முகம் மாத நாவல் அட்டையில் அதிகம் இடம் பெற்றதில்லை. பத்திரிகைகள் கேட்டது அழகை, வாசகர் விரும்பியதும் அழகை. வாராவாரம் வரைந்து பிழைப்பவர் அந்த விருப்பத்தை அடியோடு மீறிவிட முடியாது. ஆயினும் அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே, ஒரு பெண்ணை மதிப்போடு பார்க்க அவர் வாசகருக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் வரைந்த முகத்தைப் பார்க்கும்போது, "இவள் மனத்தில் என்ன இருக்கிறது?" என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும்.

பெயர் தெரியாத முன்னோர்

நம் மாவட்டத்துக்கு இது புதிதன்று. புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே சமணக் குடைவரையின் கூரையில் தாமரைக் குளமும், தூண்களில் ஆடும் பெண்களும், அரசன் அரசியின் உருவங்களும் தீட்டப்பட்டுள்ளன. ஏறக்குறைய 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அறிஞர் கூறுவர். குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆண்மகனின் முகத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அதைத் தீட்டியவரின் பெயர் நமக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் மறைக்கல்விப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றோம். பாதி அழிந்துபோன அந்த ஓவியத்தைப் பார்த்து, "சாமி, யார் வரைஞ்சது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்" என்றோம். வேறென்ன சொல்ல முடியும்? ஆயிரம் ஆண்டு கழித்தும் பேர் தெரியாத ஒருவர் வரைந்த முகம் ஒரு குழந்தையைக் கேள்வி கேட்க வைக்கிறது. படம் சோறு போடுமா என்ற கேள்வி மட்டும் போதாது என்று அன்றே நமக்குத் தோன்றியது.

மாருதியின் பெயர் அப்படி மறையவில்லை. தமிழக அரசின் கலைமாமணி விருது அவருக்குக் கிடைத்தது. கலைஞர் மு. கருணாநிதி கதை வசனம் எழுதி 2008 இல் வெளிவந்த 'உளியின் ஓசை' திரைப்படத்துக்கு அவர் ஆடை வடிவமைத்தார். 2023 ஜூலை 27 அன்று புனே நகரில், தமது 84 ஆம் வயதில் காலமானார். அவர் கற்ற பேனர் கொட்டகைகளோ அவருக்கு முன்பே மறைந்துவிட்டன. கணினி அச்சு வந்தபின் கையால் வரைந்தவர்களில் பலர் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள்.

அந்தத் தாய்க்கு நம் பதில்

வாக்குக் கொடுத்தபடி அந்த வீட்டுக்கு மறுபடியும் போனோம். மாருதியின் கதையைச் சொன்னோம். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு பெரிய ஆளாயிட்டாரு சாமி. ஆகாதவங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளை வளர்க்கும் தாயின் கேள்வியை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. வரைகிற எல்லாரும் மாருதி ஆகிவிட முடியாது என்பதும் உண்மை, வரைந்து பிழைத்தவர்களின் தொழிலை ஓர் இயந்திரம் வந்து விழுங்கியது என்பதும் உண்மை.

ஆகவே அவரிடம் மூன்று காரியங்களை மட்டும் சொன்னோம்.

முதலாவது, பத்தாம் வகுப்புத் தேர்வை அவன் நன்றாக எழுதட்டும். கணக்கு நோட்டில் கணக்கே இருக்கட்டும், படத்துக்கு வேறொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று சண்டையிட வைக்க வேண்டாம்.

இரண்டாவது, இன்று வழி திறந்திருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அங்கே நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். மாருதிக்குக் கிடைக்காத வாய்ப்பு உங்கள் மகனுக்கு, கும்பகோணம் வரை பேருந்தில் போகிற தூரத்தில் இருக்கிறது. சேர்வதா வேண்டாமா என்பதை இன்னும் இரண்டு ஆண்டுகள் கழித்து அவனோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, அவன் எந்த வேலைக்குப் போனாலும் வரைவதை விடச் சொல்லாதீர்கள். பேருந்தில் தூங்கும் பெரியவரை நாமும்தான் தினம் பார்க்கிறோம். ஆனால் அவர் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கையில் மஞ்சள் பையை எப்படி இறுகப் பிடித்திருந்தார் என்பது நமக்கு நினைவில்லை. உங்கள் மகனுக்கு நினைவிருக்கிறது. சக மனிதரை இவ்வளவு கவனமாகப் பார்க்கும் கண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மருத்துவரானாலும் ஆசிரியரானாலும் அந்தக் கண் அவனுக்கு உதவும்.

பிறகு பையனைப் பக்கத்தில் அழைத்தோம். "பத்திரிகைப் படத்தைப் பார்த்து வரைவது நல்லது, மாருதி அப்படித்தான் கற்றார். ஆனால் குழாயடிப் பெண்களை விட்டுவிடாதே. அவர்களை அட்டையில் போட யாரும் கேட்டதில்லை. நீயாவது வரை" என்றோம். தலையை ஆட்டினான். உபதேசியார் படத்தைப் பற்றி மட்டும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

அன்பார்ந்தவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். அதைக் கிழிப்பதற்கு முன், ஒருமுறை பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். 20 ஆண்டுகளுக்கு முன் நாம் பார்க்கத் தவறினோம். கல்யாண வீட்டில் சிரித்த அந்தப் பிள்ளையை இந்த வாரம் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, அன்று நாம் சொன்னது தவறு, மறுபடியும் வரை" என்று சொன்னோம். சற்று நேரம் பதிலே இல்லை. பிறகு, "என் மக வரையுறா சாமி" என்றான்.